ஜாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க

ரொம்ப நாளா எழுதி எழுதி பாதியில நிறுத்தின பதிவு இது. தங்கமணி பின்னாடி வந்து எட்டிப் பாத்து "என் பொழப்பை வச்சு நீங்க பேர் வாங்கறீங்களா"ன்னு கேட்டதோட மூடி வச்சுட்டேன். இப்போ அனுமதி கெடைச்சிருக்கு. ஒரே ஒரு கண்டிஷன், கணக்கைத் தப்பா எழுதக்கூடாதாம். (ஏற்கெனவே ஒரு தடவை தப்பாப் போட்டவன்ங்கறதால. அந்தக் கதைதான் வருது.)

எங்க வீட்டு ஹால்ல சோபா கெடையாது. சோபா இருக்க வேண்டிய எடத்துல ஒரு மரச்சட்டம் இருக்கு. நாலு கட்டை, நாலு பக்கமும் இழுத்துக் கட்டின ஜாக்கெட் துணி. தட்டினா டொம்முனு தவில் மாதிரி சத்தம் வரணும், அப்பதான் ஊசி சரியா எறங்கும்பா தங்கமணி. ராசிபுரத்துல எங்க தெருவுல மட்டும் இப்படி மூணு வீட்ல சட்டம் நிக்குது. கொரோனா சமயத்துல ஆரம்பிச்சது. சேலம், நாமக்கல் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் "இங்கு ஆரி ஒர்க் செய்து தரப்படும்"னு ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும், பாத்திருப்பீங்க.

ஆரின்னா என்னன்னு தெரியாத அப்பாவி ரங்கமணிகளுக்காக ஒரு பத்தி. மத்தவங்க தாண்டிப் போயிருங்க.

ஆரி ஊசிக்குக் காது கெடையாது. நுனியில மீன் தூண்டில் மாதிரி ஒரு சின்னக் கொக்கி. நூல் துணிக்கு அடியில இருக்கும், இடது கை அதைப் பிடிச்சிருக்கும். வலது கை மேல இருந்து ஊசியை எறக்கி, அடியில இருக்கற நூலைக் கொக்கியில மாட்டி மேல இழுக்கும். ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளயே மறுபடி எறக்கி அடுத்த வளையத்தை இழுக்கணும். அதான் சங்கிலித் தையல். முத்து, பாசி வைக்கணும்னா அதை ஊசியில கோத்து, கீழ இருந்து வர்ற நூலை அதுக்குள்ளாற இழுத்து எடுக்கணும். சர்தோசி ஸ்பிரிங் வேலைன்னா கொக்கி ஊசியெல்லாம் ஆகாது. ஸ்பிரிங்கைக் கத்தரியில பொடிப்பொடியா நறுக்கி, சாதா கை ஊசியில ஒவ்வொண்ணாக் கோத்துத் தைக்கணும். டிசைன் எறக்கறது இன்னொரு கூத்து. பட்டர் பேப்பர்ல வரைஞ்சு, கோடு நெடுக ஊசியில பொத்தல் போட்டு, துணி மேல வச்சு, மண்ணெண்ணெயில கொழைச்ச பவுடரைத் தேய்க்கணும். அன்னிக்கு ராத்திரி சோத்துலயும் அந்த வாசம்தான்.

இடது கை என்ன பண்ணுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. முழுக்க விரல் ஞாபகம். நானும் ஒரு நாள் உக்காந்து பாத்தேன். இருபது நிமிஷத்துல ஏழு வளையம். எழுந்திரிக்கும்போது நூலை எங்கயோ இழுத்துட்டேன் போல, ஏழும் சரசரன்னு உருவிக்கிட்டு வந்துருச்சு. சங்கிலித் தையலோட பலவீனம் அதான். கடைசி முடிச்சு சரியில்லன்னா ஒரு நுனியை இழுத்தா வரிசையே கழண்டுரும். முடிச்சு எங்க இருக்கும்? துணிக்குப் பின்னாடி. வாங்கறவங்க பாக்காத எடத்துல.

நிற்க. இப்ப கணக்குக்கு வர்றேன்.

2024-ல சேலத்துல ஒரு கடையில இருந்து (பேர் வேண்டாமே) ஒரு முகூர்த்த ஜாக்கெட் வந்துச்சு. ரெண்டு கையும் நெறைய வேலை, பின் கழுத்துல பல்லக்கு. துணி அவங்களது, நூல் பாசி எல்லாம் எங்களது. 2400 ரூபா தர்றோம்னாங்க. தங்கமணி என்னைப் பாத்தா. நான் பெரிய வியாபாரி மாதிரி "வாங்கிக்கோ, வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பண்றதுதானே"ன்னேன். பொருள் செலவு 750 போக 1650 லாபம்னு பேப்பர்ல எழுதி வேற காமிச்சேன்.

அந்த "லாபம்"ங்கற வார்த்தையைப் பாத்துட்டு அவ ஒண்ணும் சொல்லல. வேலை முடிஞ்சதும் காலண்டர்ல கிறுக்கி வச்சிருந்ததைக் காமிச்சா. சமையல் முடிச்சு உக்காந்த நேரம், பையன் ஸ்கூல் விட்டு வந்து எந்திரிச்ச நேரம், ராத்திரி பத்துக்கு மேல உக்காந்த நேரம் எல்லாம் தேதிவாரியா. கூட்டினா 54 மணி நேரம். 1650-ஐ 54-ஆல வகுத்தா மணிக்கு முப்பது ரூபா அம்பது காசு சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு 244 ரூபா. அதே 2024-25-ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச தினக்கூலி 319 ரூபா. மண்வெட்டி பிடிச்சாக்கூட அதிகம் வந்திருக்கும். கழுத்து வலிக்கு வாங்கின தைலத்தை நான் கணக்குல சேக்கவே இல்ல.

அந்தக் கடை அந்த வேலையை வாடிக்கையாளர்கிட்ட என்ன விலைக்குப் போட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லல. சொன்னா தங்கமணி இந்தப் பதிவைப் படிச்சு மறுபடி அழுவா.

இது ஏன் இப்படின்னு அப்புறமா நானே நோண்ட ஆரம்பிச்சேன். கையில கெடைச்ச புஸ்தகம், மியூசியம் பக்கம்னு மேஞ்சதுல, இந்த நாட்டு ஊசி வேலை எல்லாமே ரெண்டு வழியா வந்திருக்குன்னு எனக்குத் தோணுது. ஒண்ணு வீட்டு வழி. பஞ்சாப்ல மக கல்யாணத்துக்கு அம்மாவும் பாட்டியும் போட்ட புல்காரி. துணியோட பின்பக்கத்துல இருந்து இழையை எண்ணி எண்ணிப் போடுவாங்களாம், முன்பக்கம் பூ வரும். வங்காளத்துல பழைய சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட காந்தா. நம்ம நீலகிரியில தோடர்கள் வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா இழை எண்ணிப் போடற புகூர் வேலை. இதுக்கு 2013-ல புவிசார் குறியீடு கெடைச்சுது. டிரேசிங் கெடையாது, கண்ணும் கணக்கும்தான். இதெல்லாம் விக்கப் போட்டதில்ல. மகளுக்கு, பேத்திக்கு, செத்தவங்களைப் போத்தறதுக்குப் போட்டது. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு யாரும் எழுதி வைக்கல, எழுதி வச்சா அசிங்கம்.

இன்னொண்ணு பட்டறை வழி. சர்தோசி, ஆரி எல்லாம் இந்த வகை. அக்பர் காலத்துல லாகூர், ஆக்ரா, ஃபதேபூர், அகமதாபாத்னு அரசாங்கப் பட்டறைகள் இருந்ததை அபுல் ஃபசல் எழுதி வச்சிருக்கார். ஆரி ஊசியே குஜராத், கட்ச் பக்கம் மோச்சிகள், அதாவது தோல் தைக்கறவங்க, செருப்புக்கும் சேணத்துக்கும் வச்சிருந்த கொக்கி ஊசிதான். அதை அவங்க துணிக்குக் கொண்டு வந்தாங்க. அந்தச் சங்கிலித் தையல் கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போச்சு. 1700 வாக்குல குஜராத்துல போட்ட திரைச்சீலை ஒண்ணு சசெக்ஸ்ல ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில கெடந்து, இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. அப்புறம் பிரான்ஸ்காரங்க இதே கொக்கித் தையலைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க அதுக்கு வச்ச பேர் 'தம்பூர்', அப்படின்னா மேளம். துணியை இழுத்துக் கட்டற சட்டத்தைப் பாத்து வச்ச பேர். எங்க வீட்டு டொம்முதான்! 1770-ல பாரிஸ்ல செயிண்ட்-ஆபின்னு ஒருத்தர் எம்பிராய்டரிக்குனு எழுதின புஸ்தகத்துல இந்த வேலையை விளக்கமா சொல்லியிருக்கார்.

சுத்திச் சுத்தி அந்தக் கொக்கி நம்ம ஊருக்கே திரும்பி வந்துச்சு. பாரிஸ்ல பேர்போன எம்பிராய்டரி குடும்பத்துல இருந்து வந்த ஜான்-ஃபிரான்சுவா லெசாஜ் 1993-ல சென்னையில 'வஸ்த்ரகலா'ன்னு ஆரம்பிச்சு, இங்கத்த கைகளை வச்சு பிரான்ஸ் அரண்மனைகளுக்கு வேலை பண்ணிக் குடுத்தார். 2023 மார்ச் 30-ந் தேதி டியோர் கம்பெனி மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி ஃபேஷன் ஷோ நடத்தினப்போ, பின்னாடி தொங்கின தோரணத்துல இருந்து எல்லாம் நம்மாளுங்க கை வேலைதான். டிவியில பாத்துட்டு "இதுல பாதி எனக்கும் வரும்"னா தங்கமணி. வரும்தான்.

பட்டறை வேலைக்குக் கூலி இருந்துச்சு, கம்மியோ ஜாஸ்தியோ, நேரத்துக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. அங்க உக்காந்தது பெரும்பாலும் ஆம்பளைங்க. இப்ப நம்ம பக்கம் என்ன நடந்திருக்குன்னா, பட்டறை ஊசி வீட்டுக்குள்ள வந்திருக்கு, ஆனா வீட்டுக் கணக்கோட வந்திருக்கு. மகளுக்குப் போடற தையலுக்கு நேரம் பாக்க மாட்டோம் இல்லையா, அதே பழக்கத்துல கடைக்குப் போடற தையலுக்கும் நேரம் பாக்கறதில்ல. ஊசி விலை தெரியுது, நூல் விலை தெரியுது, கல் ஒரு பாக்கெட் என்னன்னு தெரியுது. உக்காந்த நேரம் மட்டும் ஓசி. "சும்மா இருக்கற நேரம்"னு நான் சொன்னேனே, அதே வசனம்தான். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லியிருக்கார், விசாரிச்சுட்டேன்.

சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரங்ககிட்ட கேளுங்க, இத்தனை கிராமுக்கு இத்தனை கூலின்னு கறாரா சொல்லுவாங்க. இளம்பிள்ளையில தறி வச்சிருக்கறவங்ககிட்ட கேளுங்க, சேலைக்கு இவ்வளவுன்னு வாய்க்கணக்கா வரும். கொறைச்சலா இருக்கலாம், சண்டை இருக்கலாம், ஆனா கூலின்னு ஒண்ணு பேச்சுல இருக்கு. ஆரிக்கு மட்டும் "பாத்துப் போட்டுக் குடு கண்ணு".

பயிற்சி வகுப்பு நடத்தறவங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதினஞ்சு நாள்ல இருபது தையல் சொல்லித் தர்றாங்க, சந்தோஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், விலை போடறது எப்படின்னு சொல்லித் தரக் கூடாதா? தங்கமணி வகுப்பு நோட்டைப் புரட்டிப் பாத்தேன். மாங்காய் இருக்கு, மயில் இருக்கு, பிரெஞ்சு நாட் இருக்கு. மணிக்கு எவ்வளவுங்கறது இல்ல.

இந்த எடத்துல சிட்லிங்கியைப் பத்திச் சொல்லியே ஆகணும். நம்ம பக்கத்து ஊர்தான். அரூர் தாண்டி கோட்டப்பட்டி வழியா போகணும், கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. இப்ப தர்மபுரி மாவட்டம், ஆனா 1965 வரைக்கும் அதுவும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல்லும் 1997 வரைக்கும் சேலம்தானே, அந்தக் கணக்குல எல்லாரும் பங்காளிங்க.

அங்க லம்பாடிங்க இருக்காங்க. ஒரு காலத்துல மாட்டு மேல தானியமும் உப்பும் ஏத்திக்கிட்டு நாடு முழுக்கச் சுத்தினவங்க. திப்புவோட சண்டை போட்டப்போ கார்ன்வாலிஸ் படைக்குத் தானியம் கொண்டு வந்து போட்டதே இவங்கதான். அந்தச் சண்டை முடிஞ்சு 1792-ல சேலமும் பாரமகாலும் கம்பெனி கைக்குப் போச்சு. அப்புறம் ரயிலும் ரோடும் வந்ததும் மாட்டுப் பொதிக்கு வேலை இல்ல. போதாக்குறைக்கு 1871-ல வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்துல பல எடங்கள்ல இவங்களையும் சேத்துட்டாங்க. ஊர் ஊராப் போற சனத்துக்கு வீடுங்கறதே உடம்புல போட்டிருக்கற துணிதான் போல. பேட்டியான்னு சொல்ற பாவாடை, காஞ்சளிங்கற ரவிக்கை, எல்லாத்துலயும் கண்ணாடி, சோழி, காசு, ஊசி போன எடமெல்லாம் தையல். கர்நாடகாவுல சண்டூர் பக்கம் இந்தத் தையல்களுக்குக் கிலன், வேலே, மாக்கி, ரேலோன்னு பேர் சொல்லுவாங்க. 2023 ஜூலையில ஹம்பியில ஜி-20 கூட்டம் நடந்தப்போ 1755 லம்பாணி துணிகளை ஒண்ணா வச்சு கின்னஸ்ல ஏத்தினாங்க.

சிட்லிங்கியில கதை வேற. அங்க பொம்பளைங்க சேலைக்கு மாறி ரொம்ப நாளாச்சு. பாவாடை பெட்டிக்குள்ள போச்சு, தையலும் கூடவே போச்சு. 1993-ல அங்க ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. டாக்டர் லலிதாவோட முயற்சியில, இன்னும் தையல் ஞாபகம் இருந்த சில வயசான பாட்டிகளை வச்சு எளந்தாரிப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதுதான் வளந்து 'போர்கை'ங்கற கைவினைப் பெண்கள் சங்கமா ஆச்சு. போர்கைன்னா அவங்க பேச்சுல பெருமிதம்னு அர்த்தம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் தையல் மறுபடி வந்தது மட்டும் இல்ல. முன்னாடி தனக்குப் போட்ட தையலை இப்ப விக்கறதுக்குப் போடறாங்க, ஆனா தனித்தனி வீட்டு வாசல்ல பேரம் பேசிக்கிட்டு நிக்கல. சங்கமா உக்காந்து பண்றாங்க.

ஒரு கண்காட்சியில அவங்க பை ஒண்ணு வாங்கினேன். விலையைப் பாத்து "ஒரு துணிப்பைக்கா"ன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. தங்கமணி பையை உள்பக்கமாத் திருப்பி, முடிச்சை எல்லாம் தடவிப் பாத்துட்டு, "இது ஒரு நாள் வேலை இல்லீங்க. காசைக் குடுங்க"ன்னா. குடுத்தேன்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போட்டா.

சரி, எதிர்க் கேள்வி வரும்னு தெரியும். கை வேலைக்கு விலை ஏத்தினா சனங்க கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குப் போயிருவாங்களே? போகட்டும்ங்க. மிஷின் வேலை ஒண்ணும் பாவம் இல்ல. 1863-லயே சுவிட்சர்லாந்துல ஷிஃப்லி மிஷின் வந்தாச்சு, நம்ம அம்மாக்கள் காலத்துலயே கடைச்சேலை முழுக்க மிஷின் பூதான். என் சண்டை வேற. மிஷின்ல போட்டு மேல நாலு கல்லை ஒட்டி "ஆரி"ன்னு விக்கறாங்க பாருங்க, அது. அந்தப் பொய் விலைதான் உண்மையான கை வேலைக்கு அளவுகோலா வந்து நிக்குது.

போன ஆவணியில என் பெரியம்மா மருமக வந்தாங்க. மூணு நாள் வேலை. தங்கமணி நோட்டைப் பாத்து 4200 சொன்னா. "ஏனுங் அம்மிணி, இதே டிசைனு டவுன்ல 900-க்குப் போட்டுத் தர்றாங்களே"ன்னு அந்தக்கா போட்டிருந்த ஜாக்கெட்டையே காமிச்சாங்க. தங்கமணி ஒண்ணும் பேசாம சட்டத்துல இருந்த துணியைத் தூக்கி அடிப்பக்கம் காமிச்சா. "இதையும் உங்க கைப்பக்கம் உள்ளயும் பாருங்கக்கா."

நீங்களும் பாருங்க, ரொம்ப ஈசி. கம்ப்யூட்டர் வேலைன்னா பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளை நூல் ஓடும், அது அடியில சுத்தற பாபின் நூல். துணி சுருங்காம இருக்க ஒட்டின பேப்பர் மாதிரி ஒண்ணு ஓரத்துல மிச்சம் இருக்கும். ஆரின்னா பின்பக்கம் அதே கலர் நூல் கோடு கோடா ஓடி, அங்கங்க முடிச்சு விழுந்திருக்கும். கல்லை நகத்தால நெம்பிப் பாத்தா பசையா தையலான்னு தெரிஞ்சுரும். (நெம்பறது உங்க ஜாக்கெட்டா இருக்கட்டும். கடையில நெம்பி அடி வாங்கினா நான் பொறுப்பில்ல.)

அந்தக்கா பாத்தாங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "அட, ஆமா"ன்னாங்க. அப்புறம் காபி குடிச்சுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு கெளம்பிப் போயிட்டாங்க. சினிமாவா இருந்தா 4200-ஐ எடுத்து வச்சிருப்பாங்க. நெஜத்துல இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்த மாசம் தங்கமணிக்கு மூணு ஆர்டர் கொறைஞ்சுது. பதிலுக்கு ரெண்டு ஆர்டர் சொன்ன விலைக்கு வந்துச்சு. கூட்டிக் கழிச்சா வருமானம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல சட்டத்துல உக்காரறதில்ல. எதிர்த்த வீட்டு அக்காவும் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கியிருக்காங்க. மூணாவது வீடு இன்னும் மசியல. அவங்க வீட்டுக்காரர் வியாபாரி, "லாபம்" எழுதித் தர்றவர்.

நேத்து அவ நோட்டை நைசாப் புரட்டிப் பாத்தேன். "இடது கை, மாங்காய் ஓரம், 6 மணி 20 நிமிஷம்." அதுக்குக் கீழ "கரண்ட் போச்சு, சும்மா உக்காந்தது 40 நிமிஷம்." அந்த நாப்பது நிமிஷத்தையும் கூலியில சேக்கலாமான்னு கேக்கறா. நான் வாயைத் திறக்கல, ஒரு தடவை திறந்தது போதும். நீங்க சொல்லுங்க மக்களே, சேக்கலாமா வேண்டாமா? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, அவளே படிச்சுக்குவா :-)